வெள்ளி எந்த வேஷத்தில் இருக்கிறது? மருந்து முதல் பழைய ரிலே வரை, புதிதாக இறங்குகிறவர்களுக்கு

எக்ஸ்ரே பிலிம் கழுவி முடித்த ஃபிக்சர் (படத்தை பிலிமில் நிலைநிறுத்தும்) கரைசலை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தால் லேசாக மஞ்சள் படிந்த தண்ணீர், மூக்கைத் துளைக்கும் ஒரு புளிப்பு வாடை, அவ்வளவுதான். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஒரு செம்புத் தகட்டை அதில் அரை நிமிடம் நனைத்து எடுங்கள். நனைந்த பாகம் மட்டும் சாம்பல் வெள்ளையாக மாறியிருந்தால் அந்த அழுக்குத் தண்ணீரில் வெள்ளி தாராளமாக இருக்கிறது என்று அர்த்தம். செம்பு கொஞ்சம் கரைந்து உள்ளே போக, வெள்ளி வெளியே வந்து தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சோதனையை முதல்முறை பார்த்தவர்கள் எல்லோரும் அதே தகட்டைத் தேய்த்துவிட்டு மறுபடி ஒருமுறை நனைத்துப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன்.

பழைய பொருள்களிலிருந்து வெள்ளியைத் திரும்ப எடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஆசிட் வாங்க வேண்டும்?" என்பதுதான். ஆசிட் பேச்சு கடைசியில் வரட்டும், பல சமயம் வராமலே போகலாம். முதலில் கேட்க வேண்டியது, வெள்ளி இதில் எந்த வேஷத்தில் இருக்கிறது என்பது. புண்ணுக்குப் போடும் கட்டுத்துணியிலும், மின்சார சுவிட்சின் முனையிலும், பிலிம் கரைசலிலும் இருப்பது ஒரே தனிமம்தான், ஆனால் வேஷம் மாறினால் அது செய்யும் வேலையும் மாறும், அதைத் திரும்ப எடுக்கும் வழியும் மாறும். இது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் பொறுமையும் கைப்பழக்கமும்தான்.

நான்கு வேஷங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது உலோகம்: கட்டி, கம்பி, தகடு, முலாம், பொடி எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது அயனி, அதாவது ஒரு எலக்ட்ரானை இழந்து தண்ணீரில் கரைந்து திரிகிற வெள்ளி. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இருப்பது இதுதான். மூன்றாவது தண்ணீரில் கரையாத உப்பு: குளோரைடு வெள்ளை, புரோமைடு வெளிர்மஞ்சள், சல்பைடு கறுப்பு. வெள்ளிச் சாமான் கறுத்துப்போகிறதே, அது காற்றிலிருக்கும் கந்தக வாயுக்களால் உண்டாகும் சல்பைடு படலம். நான்காவது கட்டுண்ட வெள்ளி. ஃபிக்சரில் இருக்கும் தயோசல்பேட் என்ற வேதிப்பொருள் வெள்ளி அயனியைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே வெள்ளி கரைந்திருந்தும் சுதந்திரமாக இல்லை, அதில் உப்பைப் போட்டால் எதுவும் நடக்காது. உப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு "இதில் வெள்ளி இல்லை" என்று கரைசலைச் சாக்கடையில் ஊற்றியவர்கள் உண்டு.

மருத்துவத்தில் வெள்ளி

மருத்துவத்தில் வேலை செய்வது பெரும்பாலும் இரண்டாம் வேஷம். வெள்ளி அயனி பாக்டீரியாவின் புரதங்களில் இருக்கும் கந்தகப் பகுதிகளைப் பற்றிக்கொண்டு அதன் இயக்கத்தையே முடக்கிவிடுகிறது, அதுவும் மிகக் குறைந்த அளவிலேயே. உலோக வெள்ளி ஈரத்தில் அயனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் என்பதால்தான் வெள்ளிப் பூச்சுள்ள தண்ணீர் வடிகட்டிகளும், வெள்ளி கலந்த கட்டுத்துணிகளும் வேலை செய்கின்றன.

பெரிய வெற்றி 1880-இல் வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தையின் கண்ணில் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டு விடத் தொடங்கினார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து ஒட்டும் மேகவெட்டை நோய்க்கிருமியால் குழந்தைகள் பார்வை இழந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவில் இருந்த அந்தக் கண்நோய் ஒன்றுக்கும் கீழே போனது. பிற்பாடு, கண்ணை உறுத்திச் சிவக்க வைக்கிறது என்பதால் அந்த இடத்தை ஆன்டிபயாடிக் களிம்புகள் பிடித்துக்கொண்டன.

அடுத்தது தீக்காயம். 1960-களின் நடுவில் 0.5 சதவீத வெள்ளி நைட்ரேட்டில் நனைத்த கட்டுகள், 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு என்று வரிசையாக வந்தன. 1 சதவீதம் அளவில் வரும் இந்த வெள்ளைக் களிம்பு இன்றும் பல இடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பூசுகிற சாதனம் அல்ல. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகள், பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இது ஆகாது. சிறிய, மேலோட்டமான காயம் ஆறுவதை இது தாமதப்படுத்துகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியதால் மருத்துவர்கள் இப்போதெல்லாம் யோசித்துத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

வெள்ளிக் கட்டுத்துணியை வைத்து வேலை செய்யப்போகிறவர்கள், குறிப்பாக வீட்டில் ஒருவருக்குக் கட்டு மாற்றுகிறவர்கள், கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நுண்படிக வெள்ளி பூசிய துணியை நனைக்கச் சொல்லியிருந்தால் கிருமி நீக்கிய வெறும் தண்ணீரில் நனைக்க வேண்டும், உப்புக் கரைசலில் அல்ல. பழக்க தோஷத்தில் எல்லாக் காயத்துக்கும் சலைன் ஊற்றுகிற கை இங்கேயும் அதையே செய்யும். சலைனில் இருக்கும் குளோரைடு, வெள்ளி அயனியை உடனே மூன்றாம் வேஷத்துக்கு, அதாவது கரையாத வெள்ளி குளோரைடாக மாற்றிவிடும். துணி விலை உயர்ந்ததுதான், ஆனால் கிருமியோடு சண்டைபோட அதில் ஆள் குறைந்துவிடும். அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போகும் முன் இப்படியொரு கட்டு இருப்பதை அங்கே சொல்லிவிடுங்கள், சிலவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும்.

பல் மருத்துவத்தில் வெள்ளி டயமைன் ஃப்ளூரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது. 38 சதவீதக் கரைசல். சொத்தைப் பல்லில் ஒரு சொட்டுத் தடவினால் சொத்தை மேலே பரவாமல் பல சமயம் நின்றுவிடுகிறது. துளைக்கும் கருவி வேண்டாம், ஊசி வேண்டாம் என்பதால் குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கும் வரப்பிரசாதம். 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஒரே தொல்லை, தடவிய சொத்தை கன்னங்கரேலென்று ஆகி அப்படியே நிற்கும். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே காட்டிப் பேசாத மருத்துவர் பிறகு நிறையப் பேச வேண்டியிருக்கும்.

வெள்ளி நைட்ரேட் தடவிய குச்சிகளால் மூக்கில் ரத்தம் கசியும் நுண்குழாயைச் சுட்டு அடைப்பது, தொப்புளில் ஆறாமல் நிற்கும் சதையைப் பொசுக்குவது எல்லாம் தினசரி நடக்கும் வேலைகள். இ.சி.ஜி. எடுக்க மார்பில் ஒட்டும் வட்ட வில்லையின் நடுவில் இருக்கும் சிறு குமிழும் வெள்ளி, வெள்ளி குளோரைடு பூச்சுதான். தோலில் வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை அது ஆடாமல் அசையாமல் கடத்துகிறது.

இப்போது குடிக்கிற வெள்ளித் தண்ணீர். கூழ்ம வெள்ளி என்ற பெயரில் சகல நோய்க்கும் மருந்து என்று விற்கப்படும் சரக்கைக் குடிக்காதீர்கள், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உள்ளே போன வெள்ளி தோலில் படிந்து, வெளிச்சம் பட்டு, ஆள் நீலச்சாம்பல் நிறமாக மாறுவதற்கு ஆர்ஜிரியா என்று பெயர். வந்த நிறம் பொதுவாகப் போகாது. பிலிம் வெளிச்சத்தில் கறுக்கிறதே, ஏறக்குறைய அதே வேலை தோலுக்குள் நடக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-லேயே, மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் இந்தச் சரக்குகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று விதித்துவிட்டது.

மருத்துவத்தில் போன வெள்ளியில் பெரும்பாலானதைத் திரும்ப எடுக்க முடியாது. கட்டுத்துணியில் இருப்பது சொற்பம், அதோடு ரத்தமும் சீழும் பட்ட கழிவு அது, தொடவே வேண்டாம். விதிவிலக்கு எக்ஸ்ரே பிலிமும் அதன் கரைசலும்.

தொழிலில்: எதைத் தேடலாம், எதை விட்டுவிடலாம்

உலோகங்களிலேயே மின்சாரத்தையும் வெப்பத்தையும் மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. செம்பைவிட ஆறு சதவீதம் போலத்தான் கூடுதல், அதற்காக இவ்வளவு விலை கொடுப்பார்களா என்றால், சுவிட்ச் முனைகளில் கொடுப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. செம்பு முனை சூடாகி ஆக்சைடு படிந்தால் அந்தப் படலம் மின்சாரத்தைத் தடுக்கும், தடுத்தால் இன்னும் சூடாகும், அப்படியே கருகும். வெள்ளி ஆக்சைடோ சூட்டில் தானாகவே பிரிந்து மறுபடி வெள்ளியாகிவிடும். அதனால்தான் ரிலே, காண்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), பெரிய சர்க்யூட் பிரேக்கர் எல்லாவற்றிலும் முனையில் ஒரு வெள்ளிப் பொட்டு இருக்கிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இரை இல்லை, ஏனென்றால் வெள்ளி ஒரே இடத்தில் கட்டியாக இருக்கிறது, வெட்டி எடுத்தால் போதும்.

சூரியத் தகடுகளின் முகப்பில் ஓடும் மயிரிழைக் கோடுகள் வெள்ளிப் பசையால் அச்சிட்டவை. பரப்பு அதிகம், வெள்ளி குறைவு, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும், தனிமனிதர் தொடுகிற வேலை இல்லை. மெத்தனாலிலிருந்து ஃபார்மால்டிஹைடு, எத்திலீனிலிருந்து எத்திலீன் ஆக்சைடு தயாரிக்கும் ஆலைகளில் வெள்ளிதான் வினையூக்கி, அவர்கள் பழையதை நேராகச் சுத்திகரிப்பு ஆலைக்கே அனுப்பிவிடுவார்கள், வெளியே வராது. குளிர்சாதனக் குழாய்களைப் பற்றவைக்கும் வெள்ளிக் கம்பியின் துண்டுகள் கிடைக்கும், ஆனால் பழைய கம்பிகள் பலவற்றில் காட்மியம் இருக்கிறது. காட்மியப் புகை ஆளைக் கொல்லும், அதை உருக்காமல் அப்படியே விற்றுவிடுங்கள். கைக்கடிகாரத்தில் போடும் பொத்தான் பேட்டரிகளில் வெள்ளி ஆக்சைடு உண்டு, பழையவற்றில் பாதரசமும் உண்டு, அவற்றை உடைக்காமல் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுப்பதே புத்தி.

முலாம் பூசிய பாத்திரம், தட்டு, கரண்டி எல்லாரையும் ஏமாற்றும். ஒரு கணக்குப் போடுங்கள்: பத்து மைக்ரான் தடிமனில் முலாம், நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பு. மொத்த வெள்ளி ஒரு கிராம்தான் தேறும். அந்த ஒரு கிராமுக்காகக் கீழே இருக்கும் அரைக்கிலோ பித்தளையையும் சேர்த்து ஆசிட்டில் கரைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பல் அடைக்கும் ரசக்கலவையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். அதைச் சூடாக்குவது என்ற நினைப்பே வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் மூடி, அதை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

படி ஒன்று: தரம் பிரிப்பது

சரி, வேலைக்கு வருவோம். நாலைந்து டப்பா எடுத்து ஒவ்வொன்றின் மேலும் எழுதி ஒட்டுங்கள்: சுத்தமான வெள்ளி வெட்டுத்துண்டு, சுவிட்ச் முனை, பிலிம், முலாம், சந்தேகம். எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் லாபமும் நஷ்டமும் இங்கேதான் தீர்மானமாகிறது, கலந்துவிட்டால் பிரிப்பதற்கு ஆகும் ஆசிட் செலவும் நேரமும் வெள்ளியின் மதிப்பையே தின்றுவிடும்.

சோதனைக்கு முதலில் காந்தம். ஒட்டினால் அடியில் இரும்போ நிக்கலோ இருக்கிறது. சுவிட்ச் முனைகளில் வெள்ளி நிக்கல் கலவை உண்டு என்பதால் ஒட்டியதையெல்லாம் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. பிறகு உரைகல். பொருளில் ஒரு மூலையை அரத்தால் நன்றாகத் தேய்த்து, முலாமைத் தாண்டி உள்ளே போன இடத்தைக் கல்லில் உரசி, வெள்ளிச் சோதனைத் திரவம் ஒரு சொட்டு. ரத்தச் சிவப்பு வந்தால் நல்ல வெள்ளி. அரம் போடாமல் மேலே மட்டும் சோதித்தால் முலாமும் சிவப்புதான் காட்டும். அந்தத் திரவத்தில் குரோமியமும் நைட்ரிக் ஆசிட்டும் இருக்கிறது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் முனைகளில் வெள்ளி காட்மியம் ஆக்சைடு என்ற கலவை நீண்ட காலம் கொடிகட்டிப் பறந்தது. பழைய கனமான காண்டாக்டர் என்றால் காட்மியம் இருக்கிறது என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள்: அரைக்க வேண்டாம், டார்ச்சில் காட்ட வேண்டாம். பித்தளைக் கையிலிருந்து முனையை வெட்டுக்குறட்டால் கத்தரித்து எடுத்து, அப்படியே சுத்திகரிப்பவருக்குக் கொடுங்கள்.

படி இரண்டு: ஃபிக்சரிலிருந்து எடுப்பது

பிலிமில் இருப்பது மூன்றாம் வேஷமான வெள்ளி புரோமைடு. வெளிச்சம் பட்ட இடம் டெவலப்பர் என்ற உருத்துலக்கும் திரவத்தில் உலோக வெள்ளியாகிக் கறுப்பாக பிலிமிலேயே நின்றுவிடும், படாத இடத்தில் இருப்பது ஃபிக்சரில் கரைந்து நான்காம் வேஷத்துக்குப் போய்விடும். கலர் பிலிமில் படம் சாயத்தால் ஆனது என்பதால் மொத்த வெள்ளியும் கரைசலுக்கே வந்துவிடும், கழுவி முடித்த கலர் பிலிமை எரித்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

எளிய வழி இரும்புக் கம்பளி. பாத்திரம் தேய்க்கும் நுண்ணிய இரும்புக் கம்பளி இருக்கிறதே, அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் தளர்வாக அடைத்து, கரைசலை அடியிலிருந்து மேலே மெல்ல ஏறிவரும்படி விடுங்கள். இரும்பு கரைந்து தன் இடத்தை வெள்ளிக்குக் கொடுக்கும். கணக்குப்படி ஒரு கிராம் இரும்பு 3.9 கிராம் வெள்ளியை வெளியே தள்ள வேண்டும், நடைமுறையில் அவ்வளவு வராது, துருப்பிடித்து வீணாவது நிறைய. கரைசல் லேசான புளிப்பில், பி.எச். 4.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருந்தால் நன்றாக ஓடும். ஒரே வாளியை நம்பாமல் இரண்டை அடுத்தடுத்து வையுங்கள், முதலாவதிலிருந்து தப்பியதை இரண்டாவது பிடிக்கும். முதல் வாளியிலிருந்து வெளியே வரும் தண்ணீரில் செம்புத் தகடு நிறம் மாறத் தொடங்கினால் முதல் வாளியை எடுத்துவிட்டு இரண்டாவதை அதன் இடத்துக்கு நகர்த்த வேண்டும். கடைசியில் கிடைப்பது கறுப்பும் துருவும் கலந்த சேறு. பார்க்கச் சகிக்காது, ஆனால் அதில்தான் வெள்ளி இருக்கிறது.

இன்னும் நேர்த்தியான வழி மின்சாரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு எதிர்முனை, கிராஃபைட் நேர்முனை, குறைந்த மின்னோட்டம், கரைசல் ஓயாமல் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 4 கிராம் வெள்ளி படியும், அதற்கு மேல் யார் வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். பத்து லிட்டர் கரைசலில் லிட்டருக்கு 4 கிராம் இருந்தால் மொத்தம் 40 கிராம். ஒரு ஆம்பியரில் வைத்தால் குறைந்தது பத்து மணி நேரம், நிஜத்தில் அதற்கும் மேல்.

முதல்முறை நான் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுவிட்டு, பத்து மணி நேரம் யார் காத்திருப்பது என்று மின்னோட்டத்தை நான்கு மடங்காக ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம், தகட்டில் பளபளப்புக்குப் பதில் கரிபூசிய சளி மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளி போதிய வேகத்தில் வந்து சேராதபோது மின்சாரம் தயோசல்பேட்டையே உடைக்கத் தொடங்கி, எல்லாம் வெள்ளி சல்பைடாகிவிடும். நல்ல படிவு இளஞ்சாம்பல் நிறத்தில், தகட்டை வளைத்தால் சில்லுச் சில்லாக உதிரும். தொடக்கத்தில் வெள்ளி அதிகம், அப்போது மின்னோட்டம் கூடலாம். குறையக் குறைய அதையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராமுக்குக் கீழே போனதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மிச்சத்தை இரும்புக் கம்பளிக்கு அனுப்புவது வழக்கம்.

ஃபிக்சரில் ஆசிட் ஊற்றாதீர்கள், கந்தக டை ஆக்சைடு கிளம்பி மூச்சை அடைக்கும். பிளீச்சும் சேர்க்காதீர்கள்.

கழுவிய எக்ஸ்ரே பிலிமைப் பொறுத்தவரை, வெள்ளி ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது. புரதத்தைச் செரிக்கும் நொதிக் கரைசலில் வெதுவெதுப்பாக ஊறவிட்டால் படலம் வழிந்து இறங்கி, பிளாஸ்டிக் தாள் சுத்தமாக வந்துவிடும், அடியில் படியும் கறுப்புச் சேற்றை வடித்துக் காயவைக்கலாம். திறந்தவெளியில் எரிப்பவர்கள் இருக்கிறார்கள். புகையோடு வெள்ளித் தூளும் பறக்கிறது, அதைச் சுவாசிப்பவர்களில் முதல் ஆள் எரிப்பவர்தான். பிலிமின் ஓரத்தில் நோயாளியின் பெயர் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், அடுத்தவர் கண்ணில் படாமல் அழிப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. மிகப் பழைய சினிமாச் சுருள் கையில் கிடைத்தால் எதுவும் செய்யாதீர்கள், நைட்ரேட் பிலிமாக இருந்தால் அது தீப்பற்றிய பிறகு தண்ணீருக்குள்ளும் எரியும்.

படி மூன்று: ஆசிட்

இதைச் செய்யாமலே விடலாம். தரம் பிரித்த வெட்டுத்துண்டுகளையும் உலர்ந்த சேற்றையும் சுத்திகரிப்பவரிடம் கொடுத்தால் அவர்கள் சோதித்துப் பணம் தருவார்கள், பெரும்பாலோருக்கு அதுவே நல்லது. செய்தே தீருவேன் என்றால் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி, முகக்கவசம், ஆசிட் தாங்கும் கையுறை, பக்கத்தில் ஓடும் தண்ணீர், இன்னொரு ஆள் எல்லாம் இருக்க வேண்டும். நைட்ரிக் ஆசிட் வெள்ளியைக் கரைக்கும்போது எழும் செம்பழுப்புப் புகை அந்த நேரத்தில் இருமலோடு விட்டுவிடும், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று தூங்கப் போனவர்கள் ஆஸ்பத்திரியில் கண்விழித்திருக்கிறார்கள்.

ஒரு கிராம் வெள்ளிக்கு அடர் நைட்ரிக் ஆசிட் 1.2 மில்லி போல, அதே அளவு வாலைவடி நீர். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் இருக்கும் குளோரைடு கரைசலைப் பால்போலக் கலக்கிவிடும். கரைசல் நீலமாகவோ பச்சையாகவோ வந்தால் செம்பு இருக்கிறது. அடியில் வெள்ளைக் கூழ் நின்று வடிதாளை அடைத்தால் தகரம், அதாவது முனையோடு ஈயப்பற்றும் சேர்ந்து வந்துவிட்டது. முதல் படியில் சோம்பேறித்தனம் பண்ணியதன் பலன்.

வடித்த கரைசலில் சுத்தமான செம்புக் கட்டையைத் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் கட்டை மேல் பாசி முளைக்கிற மாதிரி சாம்பல் வெள்ளி வளரத் தொடங்கும், தட்டிவிட்டால் அடியில் உதிரும், மறுபடி வளரும். ஒரு கிராம் செம்பு 3.4 கிராம் வெள்ளியை வெளியேற்றும். கரைசலில் ஒரு சொட்டை எடுத்து உப்புநீர் விட்டால் வெண்மூட்டம் வராதபோது வேலை முடிந்தது. அந்தப் பொடியை நீலம் போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

இன்னொரு வழி, கரைசலில் உப்பைப் போட்டு எல்லாவற்றையும் வெள்ளி குளோரைடாக இறக்குவது. பால் திரிந்தது போலக் கட்டிகட்டியாக இறங்கும், வெளிச்சத்தில் ஊதா படரும். அதன் எடையில் நூற்றுக்கு 75 பங்கு வெள்ளி. நன்றாகக் கழுவிக் காஸ்டிக் சோடாவில் கிளறினால் கருமையாகும், பிறகு கொஞ்சம் சர்க்கரை சேர்த்தால் கொதித்துச் சாம்பல் பொடியாக மாறும். இது சூடாகிப் பொங்கும் வேலை, பெரிய பாத்திரத்தில், கண்ணாடி அணிந்து செய்யுங்கள்.

வெள்ளி உப்பு இருக்கும் இடத்துக்கு அம்மோனியாவைக் கொண்டுபோகாதீர்கள். கலந்து வைத்த கரைசல் நின்றாலோ காய்ந்தாலோ கறுப்பாக ஒரு பொருள் உண்டாகும், அது குச்சி பட்டாலே வெடிக்கும். வெள்ளி, நைட்ரிக் ஆசிட், ஆல்கஹால் மூன்றும் சேர்ந்தாலும் அதே கதி, அங்கே உண்டாவது வெள்ளி ஃபல்மினேட். கண்ணாடிக்கு ரசம் பூச அம்மோனியாக் கரைசல் தயாரிப்பவர்கள் அதை அப்போதே தயாரித்து, அப்போதே பயன்படுத்தி, மிச்சத்தை உடனே அமிலமாக்கி அழித்துவிடுவது இதனால்தான்.

படி நான்கு: உருக்குவது

வெள்ளி உருகுவது 962 டிகிரி செல்சியஸில். மூசையின் (உருக்கும் மண்குவளையின்) உள்பக்கம் முதலில் வெண்காரத்தை உருக்கிக் கண்ணாடிபோலப் பூசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மண்ணுக்குள் வெள்ளி இறங்கும். பொடி முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். அச்சும் சூடாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியாகி உருகிய வெள்ளியை முகத்தில் அடிக்கும். உருகிய வெள்ளி தன் கனஅளவைப் போல இருபது மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உறையும்போது அதைத் துப்பிவிடும். கட்டியின் மேல் சிறு கொப்புளமும் முளையுமாக வருவது அதனால்தான். மேலே கொஞ்சம் கரித்துண்டு மிதக்கவிட்டால் துப்பல் குறையும்.

கடைசியாக மீந்த தண்ணீர். காயத்தில் கிருமியைக் கொன்ற அதே அயனி சாக்கடையில் போனால் மீனையும், கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். செம்பு கரைந்த நீலத் தண்ணீரில் இரும்புத் துண்டுகளைப் போட்டுச் செம்பை இறக்கி, சலவைச் சோடா சேர்த்து நடுநிலையாக்கி, சேற்றைத் தனியே காயவைத்து, உங்கள் ஊர் விதிப்படி ஒப்படைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியத்தைப் பிரிக்கும் பெரிய மின்காந்தங்களுக்குச் செம்பு தட்டுப்பாடு என்று, அமெரிக்க ராணுவம் நாட்டின் கருவூலத்திலிருந்து ஏறத்தாழ 13,300 மெட்ரிக் டன் வெள்ளியைக் கடன் வாங்கிச் சுருளாகச் சுற்றியது. கடைசித் தவணையைத் திருப்பிக் கொடுத்தது 1970-இல். போர் முடிந்ததும் இயந்திரங்களைக் கழற்றிக் கழுவியதோடு விடாமல், அவற்றுக்குக் கீழே இருந்த தரைப்பலகைகளையும் பெயர்த்து எரித்துச் சாம்பலிலிருந்து வெள்ளியை எடுத்தார்கள். நமக்குப் பலகை வரை போக வேண்டியதில்லை. வடிதாள், அரத்தூள், மேசையைத் துடைத்த துணி, கிழிந்த கையுறை, உடைந்த மூசை எல்லாவற்றுக்கும் ஒரு மூடிபோட்ட டப்பா வைத்து, மேலே தேதியை எழுதி, நிறையும்வரை போட்டுக்கொண்டே வாருங்கள்.